கவுதாரித் துவக்கு

வாமதேவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது பாரிஸ் லா சப்பலில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். ரூ லூயி-பிளாங்கில் அவன் கொத்துரொட்டி போடும் கடைக்கு வருகிறவர்கள், இறைச்சி இன்றையதா நேற்றையதா என்று முதலாளி யேசுரட்ணத்திடம் கேட்கமாட்டார்கள். குசினி வாசலில் எட்டிப் பார்த்து வாமதேவனிடம்தான் கேட்பார்கள். நேற்றையதென்றால் வாய் திறக்க முதலே அவன் முகம் சொல்லிப்போடும். இதற்காகவே யேசுரட்ணம் அவனை முன்பக்கம் வரவிடுவதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதன் வியாழனுக்கு வியாழன் தன் பெண்சாதியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தான் என்றால் யார் நம்பப் போகிறார்கள்?

வியாழன் அவனுக்கு லீவு. விடிந்ததும் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "மார்செலின்ரை தோட்டத்துக்குப் போட்டு வாறன்" என்று தில்லைநாயகியிடம் சொல்லிவிட்டு, கார் து நோர்ட் ஸ்டேசனுக்கு நடந்தே போய் வடக்குப் பக்கம் போகும் ரயிலைப் பிடிப்பான். பொழுதுபட ஒரு பை லீக்ஸோ உருளைக்கிழங்கோ கொண்டுவந்து குசினியில் வைப்பான்.

"மண்ணோடை கிடக்கு, பாருங்கோ. இதெல்லோ மரக்கறி. கடையிலை விக்கிறது வெறும் வைக்கல்" என்று அவள் சந்தோசப்படுவாள். அவள் சந்தோசப்படச் சந்தோசப்பட இவன் தன் பங்கு லீக்ஸைச் சட்டியிலேயே விட்டுவிடுவான்.

மார்செல் உண்மை, தோட்டமும் உண்மை. மார்செல் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாரிஸ் வருகிறபோதெல்லாம் கண்ணீர் ஒழுக ஒழுகக் கொத்துரொட்டி தின்றுவிட்டு, இதைப் போட்டவன் யாரென்று குசினிக்குள் வந்து கை கொடுத்த வெள்ளைக்காரன். ஆனால் லீக்ஸ் பிடுங்குவதெல்லாம் திரும்பும் ரயிலுக்கு முந்தின கொஞ்ச நேரத்தில்தான். மற்ற நேரம் முழுக்க இருவரும் வேட்டைத் துவக்கும் நாயுமாக வயல்வெளியில் பறவை தேடி நடப்பார்கள். அதற்கான பெர்மி என்கிற அனுமதிப் பத்திரமும் வாமதேவன் எடுத்திருந்தான். கடைக் குசினியில் வெங்காய மூட்டைக்கு மேல் அதன் பரீட்சைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு களவாகப் படித்தான். பிரெஞ்சுப் பிரஜாவுரிமைக்குக்கூட அவன் அப்படிப் படித்ததில்லை.

கோதுமை அறுத்த தாள் நிற்கும். அதற்கப்பால் சீனிக்கிழங்கு வயல், இலையெல்லாம் பனி. நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு போய், ஒரு முன்னங்காலை மடக்கி அப்படியே நின்றுவிட்டால் முன்னால் பறவை இருக்கிறது என்று அர்த்தம். மார்செல் கண்ணால் காட்டுவான். இரண்டடி வைக்க, காலடியிலிருந்து கவுதாரிக் கூட்டம் படாரென்று கிளம்பும். எங்கள் கவுதாரியேதான், நிறம்தான் கொஞ்சம் சாம்பல். யன்னல் இல்லாத குசினிக்குள் வருசக்கணக்காகத் தகரத்தில் கத்தி தட்டிக்கொண்டு நின்றவனுக்கு அந்த வெளியும் காற்றும் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவனுக்கு அது சந்தோசம். அந்தச் சந்தோசம்தான் அவனைத் தின்றது.

ஏனென்றால் வாமதேவன் துவக்கைத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணியவன்.

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் இவன் குடும்பமும் தில்லைநாயகியின் குடும்பமும் ஒட்டுசுட்டான் பக்கம் அடுத்தடுத்த கொட்டில்களில் இருந்தன. அப்போது இவள் இவனுக்கு மனைவியாகவில்லை. கறிக்கு வழியில்லாத காலம். ஊர்க்காரர் ஒருவரின், மருந்து இடித்துச் சுடும் இடியன் துவக்கை இரவல் வாங்கிக்கொண்டு வாமதேவன் கவுதாரிக்குப் போவான். தில்லைநாயகியின் தம்பி கரிகாலனும் கூடவே ஓடுவான். அப்போதுதான் மீசை அரும்பிக்கொண்டிருந்த வயசு அவனுக்கு. ஒரு நாள், "அண்ணை, நான் ஒரு வெடி வைச்சுப் பாக்கட்டே?" என்று கேட்டான். இவன் சிரித்துக்கொண்டு கொடுத்தான். முதல் வெடியிலேயே கவுதாரி விழுந்தது. அதற்குப் பிறகு கரிகாலனின் கையைத் துவக்கு விடவில்லை; இயக்கத்துக்குப் போனான். இவன் பிரான்சுக்கு வந்துவிட்டான். யுத்தம் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது வைகாசிக்குப் பிறகு கரிகாலனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. லா சப்பல் வீட்டுச் சுவரில் அவன் படம் மாலை போடாமல் தொங்குகிறது. தில்லைநாயகி அதற்கு முன்னால் ஒரு பூ மட்டும் வைப்பாள்.

அந்த வைகாசியில் ஒரே ஒரு தரம்தான் அவள் சொன்னாள்.

"நீங்கள்தானே அவன்ரை கையிலை முதன்முதல் துவக்கைக் குடுத்தனீங்கள்."

வாமதேவன் மகளின் தலையில் கை வைத்தான். "சாம்பவியாணை, இனி அந்தச் சாமானைத் தொடமாட்டன்" என்றான். அவளும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் வருசம் மார்செலின் பழைய பன்னிரண்டாம் நம்பர் துவக்கைத்தான் இரவல் வாங்கிச் சுட்டான். குழல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கும் சாதி. பாரமென்றால் அப்படிப் பாரம். மத்தியானத்துக்குள் கை மரத்துப் போகும். ஏற்கனவே கொத்துரொட்டி போட்டுப் போட்டு நொந்த வலத் தோள், துவக்கு உதைத்து உதைத்துக் கன்றிப்போனது.

"என்னப்பா இது, தோள் நாவற்பழம் மாதிரிக் கிடக்கு?" என்று தில்லைநாயகி பதறிப்போனாள்.

"மூட்டை தூக்கினது."

"அந்த யேசுரட்ணத்துக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு இல்லையே? மூட்டை தூக்க வேறை ஆள் பிடிக்கச் சொல்லுங்கோ. நான் வந்து கேக்கட்டே?"

"வேண்டாம், வேண்டாம். நான் கதைக்கிறன்."

அவள் தைலத்தைச் சூடாக்கி அந்தக் கன்றலில் தேய்த்துவிட்டாள். அவள் கை பட்ட இடமெல்லாம் இவனுக்கு எரிந்தது. ஒரு பாவமும் அறியாத யேசுரட்ணம் அந்த வீட்டில் அன்றிலிருந்து கொடுமைக்காரன் ஆனான்.

இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து புரட்டாசிக் கடைசி வியாழனில், அவனுக்கென்று ஒரு துவக்குப் பார்க்க மார்செல் அவனைத் தெரேஸ் என்ற பெண்ணின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். பக்கத்துச் சிறு பட்டணத்தில் பழைய துவக்கு வாங்கி விற்கிற கடை. தெரேஸ் இவனை ஏற இறங்கப் பார்த்தாள். தையற்காரி கல்யாணச் சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் இருந்தது.

"எவ்வளவு நேரம் நடப்பீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"காலையிலிருந்து மத்தியானம் தாண்டும் வரை."

"எவ்வளவு தூரத்தில் சுடுவீர்கள்?"

"நாய்க்கு முன்னால்தான். கிட்ட."

"அப்படியானால் பாரம் ஆகாது. நீண்ட குழலும் வேண்டாம். குழல்வாய் இறுக்கமாக இருந்தால் சன்னம் விரிய முதல் பறவை போய்விடும். இறுக்கமான வாய் தூரத்து வாத்துக்கு. கவுதாரிக்கு வாய் தளர்வாக இருக்க வேண்டும். ஒரு இருபதாம் நம்பர் தருகிறேன்."

வாமதேவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "ஐயோ, பன்னிரண்டே இந்த அடி அடிக்குது. இருபதென்றால் தோள் கழண்டு போகும்!"

மார்செல் விழுந்து விழுந்து சிரித்தான். தெரேஸ் சிரிக்கவில்லை. "எண் கூடக் கூடக் குழல் சின்னது, மிஸ்யூ. தோட்டாவும் சின்னது, உதையும் குறைவு. இப்போது கண்ணை மூடுங்கள். இந்தத் துவக்கைத் தோளில் வையுங்கள். கண்ணைத் திறங்கள். குழல் எங்கே பார்க்கிறது?"

"கூரையை."

"பிடி உங்களுக்கு நீளம். மற்றதைப் பாருங்கள்."

மற்றது நிலத்தைப் பார்த்தது. மூன்றாவதாக அவள் உள்ளேயிருந்து கொண்டுவந்தது இரண்டு குழலும் பக்கம் பக்கமாக இருந்த ஒரு மெல்லிய துவக்கு. வால்நட் மரப்பிடி, தேய்ந்து தேய்ந்து மினுமினுத்தது. முன்பு வைத்திருந்தவரும் கட்டையான மனிதராம், பிடியை அறுத்துக் குறைத்திருந்தார். வாமதேவன் கண்ணை மூடித் தோளில் வைத்தான். கன்னம் மரத்தில் போய் அமர்ந்தது. கண்ணைத் திறந்தான். அவன் எந்த இடத்தைப் பார்த்தானோ குழலும் அதே இடத்தைப் பார்த்தது.

"இதுதான்" என்றாள் தெரேஸ். அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஒரு நிமிசம் முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். அடுத்த நிமிசம் சாம்பவியின் தலையில் வைத்த கை ஞாபகம் வந்தது. துவக்கைக் கீழே வைத்தான். பிறகு திரும்ப எடுத்தான்.

தெரேஸ் அதனோடு ஒரு பழைய தோல் பெட்டியும் கொடுத்தாள். துவக்கை இரண்டாகக் கழற்றி வைக்கும் பெட்டி. ஒரு முனை அகலம், மறுமுனை ஒடுக்கம், சின்னப் பித்தளைப் பூட்டு. தோட்டாக்களையும் குழலுக்கடியில் பொருத்தும் முன்கட்டையையும் மார்செல் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டான். முன்கட்டை இல்லாமல் துவக்கு வேலை செய்யாது. சட்டப்படியும் பாதுகாப்புக்கும் அது சரிதான். பெட்டியை இவன் லா சப்பலுக்குக் கொண்டுவந்து, கட்டடத்தின் நிலவறையில் அவர்களுக்கிருந்த அறைக்குள், பழைய சூட்கேசுகளுக்குப் பின்னால் செருகினான். திறப்பு அவன் சட்டைப்பையில். எல்லாம் யோசித்துத்தான் செய்தான். நவராத்திரிக் கும்பமும் பெரிய பொங்கல் பானையும் அதே நிலவறையில்தான் இருக்கின்றன என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

சரஸ்வதி பூசை அந்த முறை புதன்கிழமை வந்தது. யேசுரட்ணத்திடம் கெஞ்சி மாலை நேரத்தை லீவாக எடுத்துக்கொண்டு, ஒரு பை அவலும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு வாமதேவன் மாடிப்படி ஏறினான். வாசலிலேயே கடலை அவிகிற மணம். முன்னறையில் சாம்பவி பாவாடை சட்டையோடு நின்று துள்ளினாள். பள்ளிக்கூடத்துக்கு வக்கான்ஸ் விட்டிருந்த நேரம்.

"பாப்பா! மெர்சி, மெர்சி, மெர்சி!" என்று தகப்பனுக்குப் பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

"என்னத்துக்கு மெர்சி?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாமதேவன் சரஸ்வதி படத்தைப் பார்த்தான். கும்பம், வெள்ளைத் துணி, அதன்மேல் சாம்பவியின் பள்ளிப் புத்தகங்கள், சங்கீத வகுப்பில் இரவல் கொடுத்த பழைய வயலின். அதற்குப் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் நடுவில், தெரேஸின் தோல் பெட்டி. அகல முனையில் பெரிய சந்தனப் பொட்டு, பொட்டுக்கு நடுவில் குங்குமம். மேலே ஒரு செவ்வந்திச் சரம். அதற்கு நேர் மேலே சுவரில் கரிகாலனின் படம்.

அவல் பையை அவன் எங்கே வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

குசினிக்குள் தில்லைநாயகி வடை தட்டிக்கொண்டிருந்தாள். இவனைக் கண்டதும் புதுப் பெண்ணைப் போலத் தலையைக் குனிந்து சிரித்தாள்.

"பிடிச்சிட்டன் பாத்தியளே. பானை எடுக்கப் போனன், சூட்கேசுக்குப் பின்னாலை கிடக்கு. பூட்டிக் கிடந்தபடியாத் திறக்கேல்லை. இரவல் வயலினை வருசம் பிறக்கத் திருப்பிக் குடுக்க வேணும் எண்டு நான் எத்தினை நாள் உங்களைக் கரைச்சல்படுத்தினன். ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கி ஒளிச்சு வைச்சிருக்கிறியள்."

"இஞ்சாரும்…"

"பொறுங்கோ, நான் சொல்லி முடிக்கிறன்." அவள் கையைத் துடைத்துக்கொண்டு குரலைத் தணித்தாள். "நான் உங்களைப் பிழையா நினைச்சுப்போட்டன். ஒவ்வொரு வியாழனும் தோட்டம், தோட்டம் எண்டு போறியள். அங்கை வேறை ஆரோ இருக்கினம் எண்டு… எனக்குப் புத்தி அப்பிடிப் போச்சு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை, எனக்குள்ளேயே வைச்சுப் புழுங்கினன். இப்பத்தான் விளங்குது, பிள்ளைக்கு வயலின் வாங்கத்தான் அங்கை வேலைக்குப் போயிருக்கிறியள். என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்தாள். அவள் விரல் நுனியில் சந்தனம் காயாமல் இருந்தது.

அவனுக்கு ஒரு வழி இருந்தது. திறப்புத் துலைந்துபோச்சு என்று சொல்லலாம். விடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய், பொழுதுபட ஒரு வயலினோடு வந்து நிற்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. அவள் மன்னிப்புக் கேட்டிராவிட்டால் அவன் அதைத்தான் செய்திருப்பான்.

"தில்லை, அதுக்குள்ளை வயலின் இல்லை."

"அப்ப? வீணையே அந்த அளவிலை வரும்?"

"துவக்கு."

எண்ணெயில் வடை கருகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன துவக்கு?"

"கவுதாரிக்குப் போற துவக்கு. மார்செலோடை வேட்டைக்குப் போறனான். போன வருசத்திலையிருந்து. தோட்டா இஞ்சை இல்லை, அது வெடிக்காது…"

"தோள் நாவற்பழம் மாதிரிக் கண்டினது?"

"ஓம்."

"நான் தைலம் தேய்ச்சது அதுக்கே?"

தில்லைநாயகி அடுப்பை அணைத்தாள். தன் விரலைப் பார்த்தாள். குழாயைத் திறந்து கழுவினாள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பிறகும் கழுவிக்கொண்டே நின்றாள்.

"அவனுக்கு ஒரு பொட்டு வைக்க எனக்கு மனம் வரேல்லை, செத்துப்போனான் எண்டு ஆகிவிடும் எண்டு. இந்தச் சாமானுக்கு வைச்சிட்டன். அவன்ரை படத்துக்குக் கீழை இருத்தி, பூவும் போட்டு. என்ரை கையாலை."

"நான் இப்பவே எடுத்துக் கீழை கொண்டு போறன்."

"எடுக்கேலாது. பூசைக்கு வைச்சது விடியும் வரைக்கும் அசைக்கக் கூடாது. பிள்ளையும் பாத்துக்கொண்டு நிக்கிறாள். என்னெண்டு சொல்லுறது அவளுக்கு? அவளாணை எண்டெல்லோ சொன்னனீங்கள்."

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டுச் சுலோசனா தட்டில் சுண்டலும் வெற்றிலையுமாக வந்து நின்றாள். தமிழ்நாட்டுப் பெண், புருசன் கம்ப்யூட்டர் வேலை. கலகலப்பானவள், ஒரு சூதும் தெரியாது.

"என்னக்கா, வாசம் மாடிப்படி வரைக்கும் வருது! எங்க ஊர்ல இன்னைக்கு ஆயுத பூஜை. எங்க வீட்டுக்காரர் லேப்டாப்புக்கு நான் பொட்டு வெச்சாச்சு, கீபோர்டுல குங்குமம் கொட்டிடுச்சுன்னு கத்துறார்." பிறகு பெட்டியைக் கண்டாள். "அட, புது வயலினா? சூப்பர் அண்ணா! சாம்பவி, யூ ஆர் லக்கி!"

தில்லைநாயகி வெளியே வந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள். விளக்கேற்றி மணியை எடுத்தாள். சாம்பவி பாடினாள். பிரெஞ்சு நாக்கில் தமிழ் கொஞ்சம் தடக்கினாலும் சுருதி தவறவில்லை. தில்லைநாயகி கற்பூரத் தட்டைச் சரஸ்வதிக்குக் காட்டினாள், புத்தகங்களுக்குக் காட்டினாள், பழைய வயலினுக்குக் காட்டினாள். கடைசியில் பெட்டிக்கு முன்னால் கை ஒரு கணம் நின்றது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்கும் காட்டினாள். வாமதேவன் கும்பிட்ட கையைப் பிரிக்கவும் முடியாமல் கண்ணைத் திறக்கவும் முடியாமல் நின்றான். அவள் அவனைத் திட்டியிருந்தால், அந்தத் தட்டை அவன் தலையில் போட்டிருந்தால், அவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

விசயதசமி காலையில் சாம்பவி குளித்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். "பாப்பா, லா க்ளே!" என்று திறப்புக்குக் கையை நீட்டினாள்.

தில்லைநாயகிதான் சொன்னாள்.

"அப்பா பிழையான அளவிலை வாங்கிப் போட்டார் அம்மா. அது பெரிய ஆக்களின்ரை. இண்டைக்குப் போய் மாத்திக்கொண்டு வருவார். நீ இப்ப இரவல் வயலினிலை வாசி."

"நான் திறந்து பாத்திட்டுத் தாறனே?"

"வேண்டாம். பாத்தால் கடைக்காரர் மாத்தித் தரமாட்டினம்."

மகளுக்குத் தில்லைநாயகி சொன்ன முதற் பொய் அது. சொல்லிவிட்டு அவள் கணவனைப் பார்த்தாள். தன் பொய்கள் எல்லாவற்றையும் விட அந்தப் பொய்தான் வாமதேவனை அடித்துப் போட்டது. அது அவன் அவளுக்குக் கொடுத்தது.

அந்த வியாழனும் அவன் வடக்கே ரயில் ஏறினான். மடியில் பெட்டி. மார்செலிடம் முன்கட்டையை வாங்கிக்கொண்டு தெரேஸின் கடைக்குப் போனான். அவள் துவக்கைத் திருப்பிப் பார்த்து, "ஒரு தரம்கூடச் சுடவில்லையே, உங்களுக்கு அளவெடுத்தது போல இருந்ததே" என்றாள். பிறகு பெட்டியைத் துடைக்கத் துணியை எடுத்தாள். மஞ்சள் கறை போகவில்லை. பழைய தோல், சந்தனத்தை உறிஞ்சிவிட்டது.

"இது என்ன கறை?"

"என் மனைவி வைத்தது."

"எதற்கு?"

வாமதேவன் அவள் திருப்பிக் கொடுத்த காசை எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்தான். மார்செல் வெளியே நாயோடு காத்திருந்தான். இனி வரமாட்டேன் என்று இவன் சொன்னபோது ஏனென்று கேட்காமல் தோளில் கை வைத்தான். கன்றல் எப்போதோ ஆறியிருந்த தோள்தான், ஆனாலும் வலித்தது. பொழுதுபட லா சப்பலில் சாம்பவியின் கையில் புது வயலின் இருந்தது. அவள் குதித்த குதிக்குக் கீழ்வீட்டிலிருந்து சுலோசனா ஓடிவந்தாள். தில்லைநாயகி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள், இவனுக்கும் ஊற்றினாள். அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் அவன் வீட்டில் இருந்து வெங்காயம் உரிக்கிறான். எங்கே போகிறீர்கள் என்று அவள் கேட்பதுமில்லை, ஏன் போகவில்லை என்று கேட்பதுமில்லை. லீக்ஸைக் கடையில் வாங்குகிறார்கள்.

அடுத்த வருசம் சரஸ்வதி பூசைக்கு வாமதேவன்தான் கும்பம் வைத்தான். புத்தகங்களை அடுக்கி, சாம்பவியின் வயலின் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். தில்லைநாயகி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள். குனியவில்லை.

"திறவுங்கோ" என்றாள்.

"என்ன?"

"பெட்டியைத் திறந்து வையுங்கோ."

அவன் திறந்தான். வயலின் இருந்தது. அதன் பிறகும் அவள் குனியவில்லை. சந்தனக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். "நீங்களே வையுங்கோ" என்றாள். அவன் வைத்தான். பொட்டுக் கோணலாக விழுந்தது. அவள் பிறகு புத்தகங்களையும் ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள். சாம்பவியின் பென்சில் பெட்டியைத் திறந்தாள். சங்கீதக் கொப்பியைத் திறந்தாள்.

சுண்டலோடு வந்த சுலோசனா ஆச்சரியப்பட்டுப் போனாள். "எல்லாத்தையும் திறந்து வெச்சிருக்கீங்க! நாங்க மூடித்தான் வைப்போம், தொடவே கூடாதுன்னு. உங்க யாழ்ப்பாணத்துல இப்படித்தான் வழக்கமாக்கா?"

தில்லைநாயகி கரிகாலனின் படத்துக்கு முன்னால் ஒரு பூவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யாழ்ப்பாணத்து வழக்கம் இல்லை. எங்கடை வீட்டு வழக்கம்."

"எப்பலேருந்து?"

தில்லைநாயகி புருசனைப் பார்த்தாள். "அண்ணையைக் கேளும்" என்றாள்.

வாமதேவன் கடலை எடுத்துவரக் குசினிக்குள் போனான். கடலை முன்னறையில்தான் இருந்தது.